நோக்கம்: இரண்டு வரிக்கு மிகாமல்

நோக்கம் என்ற இடத்தில்
இரண்டு கோடு விட்டிருக்கிறார்கள்.
மலாயில் எழுத வேண்டும், பெரிய எழுத்தில்,
மாதக் கடைசிக்குள்.

பதினேழு வருடமாய் நான்தான் பொருளாளர்.
மேடையில் ஒரே ஒருமுறை ஏறினேன்,
பிணமாக.
அப்போதும் தும்மிவிட்டேன்.

செந்தூலில், டயர்க் கடைக்கு மேல்மாடி.
வாடகை எழுநூற்றைம்பது வெள்ளி.
சன்னலை ஒட்டித் தண்டவாளம்.
ரயில் வந்தால் ஒத்திகை நிற்கும்:
யார் எந்தச் சொல்லில் இருந்தாலும்
அதை வாயிலேயே வைத்துக்கொண்டு
முகம் மாறாமல் நிற்க வேண்டும்,
கடைசிப் பெட்டி போகும்வரை.

முதல் நாடகத்தில் ஒரு சோழன் இருந்தான்.
கிரீடம் வாடகைக்கு எடுத்தது.
பார்க்க வந்தவர் பதினொருவர்,
அதில் ஒன்பது பேர்
சோழனின் சொந்தக்காரர்கள்.
'லாப நோக்கமற்ற' என்பது
நாங்கள் தேடிப் போன கொள்கை அல்ல.

இரண்டாவதை ஃபிளாட்டின் கீழே,
கார் நிறுத்தும் இடத்தில் போட்டோம்.
ஒன்பது நாள் தண்ணீர் வராத கதை.
எழுதியவர் யோகாம்பிகை, அரசாங்க மருத்துவமனைத் தாதி;
இரவு வேலைக்கு நடுவே
பழைய வார்டு அட்டவணைகளின் பின்பக்கத்தில்.
நடிகர்கள் வாளியோடு வரிசையில் நின்ற காட்சியில்
மூன்றாம் மாடியிலிருந்து ஒரு குரல்:
"அப்படி இல்லீங்க!
லோரி காலையில வரல, ராத்திரி ரெண்டு மணிக்கு!
மிசிஸ் லிம்தான் எல்லாரையும் எழுப்புனாங்க.
அவங்கள எங்க காணோம்?"

நாடகம் நின்றது.
ரயில் வராமலே நின்றது
அதுதான் முதல் தடவை.
யோகாம்பிகை அண்ணாந்து கேட்டார்:
"எறங்கி வந்து காட்டுறீங்களா?"

வந்தார், கைலியோடு, மரியதாசன்.
கரண்டியால் ஒவ்வொரு கம்பிக் கதவாய்த் தட்டுகிற மாதிரி
கார்களின் பக்கம் நடந்து
"ஆயர்! ஆயர்!" என்று கத்தினார்.
இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்த
உண்மையான மிசிஸ் லிம்
சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.
பிறகு எழுந்து,
கரண்டி இல்லை, செருப்பு என்றார்.

மைலோ டின்னில் அன்று விழுந்தது
நூற்றுப் பன்னிரண்டு வெள்ளி முப்பது காசு,
ஒரு பொத்தான்.
மூன்றையும் கணக்கில் ஏற்றியிருக்கிறேன்.

ஒருமுறை நகரத்துப் பெரிய அரங்கில் கூப்பிட்டார்கள்.
குளிர்சாதனம், மெத்தை நாற்காலி,
வெளிச்சத்தம் எட்டாத சுவர்.
எட்டு நாற்பதுக்கு,
மகள் கேட்கிற, "அப்பா, நீங்க எப்ப" என்ற இடத்தில்,
ஏழு பேரும் ஒன்றாக நின்றுவிட்டார்கள்.
செந்தூலில் அந்த வரியில்தான்
தினமும் ரயில் வரும்.
இருபது விநாடி. அரங்கில் ஒருவர்கூட இருமவில்லை.
மறுநாள் பத்திரிகையில்
'துணிச்சலான மௌனம்' என்று வந்தது.
வெட்டி எடுத்து
வரவுப் பக்கத்தில் ஒட்டினேன்.

யோகாம்பிகைக்கு இப்போது ஜொகூருக்கு மாற்றல்.
மரியதாசன்தான் தலைவர்.
படிகட்டில் மூச்சு வாங்குகிறது,
இருந்தாலும் வருகிறார்.
வாடகை ஜனவரியிலிருந்து ஆயிரம் என்கிறார்
டயர்க் கடைக்காரர், எங்கள் முகத்தைப் பார்க்காமல்.

இரண்டு கோட்டில் என்ன எழுதுவது?
போன வருடம் எழுதியதையே எழுதினேன்:
கலை, பண்பாடு, ஒற்றுமை.

கவுண்டரில் நூர்ஹாயாத்தி என்ற பெயர் அட்டை.
முத்திரையை ஓங்கியவர் நிறுத்தி,
அது என்ன நாடகம், என்ன கதை என்று கேட்டார்.
எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன்:
ஃபிளாட், ஒன்பது நாள், வாளி, லோரி.

முத்திரை கையிலேயே இருந்தது.
"ஒன்பதா?
நானும் செந்தூல்தான், அண்ணே, பி பிளாக்.
எங்களுக்குப் பதினோரு நாள்.
பத்தாம் நாள்தான் என் தம்பிக்குக் கல்யாணம்."

பின்னால் வரிசை முணுமுணுத்தது.
பாரத்தைத் திரும்ப வாங்கி
ஓரத்தில் அவர் நம்பரைக் குறித்துக்கொண்டேன்.
வெளியே வந்து, வெயிலில் நின்று,
ஜொகூருக்குப் போன் போட்டேன்.